70 நாள் ராஜபாளையம் நாய்க்குட்டி, முன்னங்கால் மடங்குகிறது: சாப்பாட்டில் என்ன தப்பு?

வைகைக்கரை | ஞாயிறு, இரவு 9.40

மக்களே, கொஞ்சம் அவசரம். ராஜபாளையம் ஆண் குட்டி, இன்றோடு 70 நாள். ஆறு வாரத்தில் வாங்கி வந்தேன், வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. எடை 6.4 கிலோ (குட்டியைத் தூக்கிக்கொண்டு மிஷினில் ஏறி, அப்புறம் நான் மட்டும் ஏறிக் கழித்த கணக்கு, முன்னே பின்னே இருக்கும்). நான்கு நாளாக முன்னங்கால் இரண்டும் மணிக்கட்டில் முன்பக்கமாக மடங்குகின்றன. நிற்கும்போது மண்டியிடப் போகிற மாதிரி ஓர் ஆட்டம், வலது காலில் கொஞ்சம் அதிகம். வலி இருப்பதாகத் தெரியவில்லை, செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடத்தான் செய்கிறது.

இப்போது போடுவது இதுதான். காலையில் பால், அதில் நாலு மேரி பிஸ்கட். மதியம் வேகவைத்த கோழிக்கறி 150 கிராம், சோறு ஒரு கைப்பிடி. சாயங்காலம் திரும்பவும் பால். ராத்திரி கறி, ஒரு முட்டை. நடுநடுவே பெடிகிரி நாய்த்தீனி ஒரு பிடி. குட்டி விற்றவர் ஒரு கால்சியம் டானிக் வாங்கச் சொன்னார், காலை 5 மில்லி, இரவு 5 மில்லி. கால் மடங்குகிறது என்று போனில் சொன்னதும் "கால்சியம் பத்தலை, பத்துப் பத்தாக ஏற்றுங்கள், கறியும் கூட்டுங்கள்" என்கிறார். ஏற்றட்டுமா?

தண்டால்_தாமு | 9.52

ஏற்றுங்க ப்ரோ. ராஜபாளையம் என்றால் எலும்பு பெருசு, கால்சியம் நிறைய கேட்கும். கறியை அரைக் கிலோ ஆக்குங்க. எங்கள் குட்டி நாலாவது மாசமே கன்னுக்குட்டி சைஸ்.

பிஸ்கட்_வேண்டாம் | 10.15

ஏற்றாதீர்கள். இன்று ராத்திரி 5 மில்லியும் வேண்டாம். நாளைக் காலையில் முதல் வேலையாக டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிக்கு, குடலில் வந்து சேரும் கால்சியத்தில் எனக்கு இவ்வளவு போதும், மிச்சம் வெளியே போகட்டும் என்று தள்ளிவிடும் திறமை சரியாக வந்திருக்காது. வளர்ந்த நாய் தள்ளிவிடும். குட்டி, ஊற்றுவதில் பெரும்பங்கை உள்ளே வாங்கி எலும்பில் கொண்டுபோய் வைக்கும். 1980-களில் நெதர்லாந்தில் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் கிரேட் டேன் என்ற பெரிய இன நாய்க்குட்டிகளுக்கு வேண்டுமென்றே கால்சியம் மிகுந்த தீனி போட்டுப் பார்த்தார்கள். எலும்பு உறுதியாகவில்லை, வளர்ச்சி கோணலாகப் போனது. "அதிகமானால் சிறுநீரில் போய்விடும்" என்று கடையில் சொல்வார்கள், இந்த வயதில் அது நடப்பதில்லை.

சரி, அப்படியானால் உங்கள் குட்டிக்குக் கால்சியம் கூடிவிட்டதா என்றால், அதையும் என்னால் சொல்ல முடியாது! ஏனென்றால் கறி அதற்கு நேர் எதிர். 100 கிராம் கோழிக்கறியில் கால்சியம் பத்துப் பன்னிரண்டு மில்லிகிராம், பாஸ்பரஸ் 200 வாக்கில். குட்டிக்கு வேண்டியது ஒன்றுக்கு ஒன்று, கொஞ்சம் கால்சியம் பக்கம் சாய்ந்து ஒன்றரை வரை. வெறும் கறியில் அது தலைகீழாக இருக்கிறது. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் உடம்பு எலும்பிலிருந்து எடுத்துச் சமாளிக்கும். கறியும் சோறும் மட்டும் தின்று வளரும் குட்டி கட்டிலிலிருந்து குதித்தாலே எலும்பு முறிகிற கதை இதுதான். நீங்கள் ஒரு கையால் கறி போட்டு எடுக்கிறீர்கள், இன்னொரு கையால் டானிக் ஊற்றிக் கொடுக்கிறீர்கள். மிச்சம் எவ்வளவு என்று உங்களுக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது.

அப்புறம், வீட்டில் தரை என்ன? டைல்ஸா?

வைகைக்கரை | 10.31

ஆமாம் அக்கா, ஹால் முழுக்க வழுவழு டைல்ஸ். குட்டி திரும்பும்போது கால் நாலும் நாலு பக்கம் போகும், நாங்கள் சிரிப்போம்.

இன்னொன்று, பெடிகிரி என்றது சும்மா பேச்சு வழக்கில் சொன்னது. மூட்டையிலிருந்து கிலோ கணக்கில் அள்ளிக் கொடுத்தார்கள், எந்தக் கம்பெனி, குட்டிக்கா பெரிய நாய்க்கா எதுவும் தெரியாது.

கரிசல்காட்டான் | திங்கள், காலை 6.05

இதென்ன தம்பி, ஒரு நாய்க்குட்டிக்கு இத்தனை கணக்கு. நான் கோவில்பட்டிப் பக்கம். எங்கள் அய்யா காலத்தில் சிப்பிப்பாறை நாயும் கன்னி நாயும் கம்மங்கூழும் மோரும் குடித்துத்தான் வளர்ந்தன. ஒரு டானிக் கிடையாது, பாக்கெட் கிடையாது. ஓடினால் முயல் தப்பாது. கேழ்வரகில் இல்லாத கால்சியமா? கூழை ஊற்றி, வெயிலில் விடு, கால் தானாக நிமிரும்.

பிஸ்கட்_வேண்டாம் | 7.20

அண்ணாச்சி, உங்கள் பேச்சை மதிக்கிறேன், ஆனால் அந்த நாய் கூழ் மட்டுமா தின்றது? வயல் எலி, ஓணான், முயலை அடித்தால் குடல், தலை, எலும்பு, எல்லாம் அதன் பங்குதான். கூழ் வயிறு நிறைக்க, மற்றது அதுவே தேடிக்கொண்டது. (முயல் வேட்டை இப்போது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், இளவட்டங்கள் யாரும் இதைப் படித்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள்.) ஒரு ஈற்றில் ஏழு குட்டி போட்டால் எத்தனை நின்றது என்பதையும் சொல்லுங்கள். நின்றதைத்தான் நமக்கு ஞாபகம் இருக்கும். மாடிவீட்டு டைல்ஸில் கட்டிப்போட்ட குட்டிக்கு எலி ஏது, ஓணான் ஏது.

கேழ்வரகுக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். 6.4 கிலோ குட்டிக்கு இந்த வயதில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 850 கலோரி ஆகும். ஆயிரம் கலோரிக்கு 3 கிராம் கால்சியம் என்று வைத்தால் இரண்டரை கிராம் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. ஆக, எழுநூறு கிராம் மாவைக் காய்ச்சி ஒரே நாளில் ஊட்ட வேண்டும், குட்டியின் எடையில் ஒன்பதில் ஒரு பங்கு! பாலில் என்றால் இரண்டு லிட்டருக்கு மேல்.

வெயில் விஷயம் நானும் நம்பிக்கொண்டிருந்ததுதான். நம் தோல் மாதிரி நாயின் தோல் வெயிலில் வைட்டமின் டி தயாரிப்பதில்லை, சொல்லும்படியாக இல்லை. அதற்கு அது சாப்பாட்டில்தான் வர வேண்டும். வெயிலில் விட்டால் குட்டிக்குச் சந்தோஷம், அவ்வளவுதான்.

மாட்டுடாக்டர் | 1.45

மதிய இடைவேளையில் எழுதுகிறேன். படத்தைக்கூடப் பார்க்காமல் நோய் இன்னதென்று சொல்ல மாட்டேன், பார்த்தாலும் சொல்ல மாட்டேன். பொதுவாகச் சொல்லலாம்.

வேகமாக வளரும் பெரிய இனக் குட்டிகளுக்கு இரண்டு மூன்று மாத வயதில் மணிக்கட்டு தளர்ந்தோ மடங்கியோ நிற்பது அடிக்கடி பார்ப்பது. பல குட்டிகளுக்குச் சரியான தீனியும் பிடிமானமுள்ள தரையும் கொடுத்தால் சில வாரங்களில் நிமிர்ந்துவிடும். ஆனால் தொட்டால் கத்துவது, நடக்க மறுப்பது, எழுந்திருக்கச் சிரமப்படுவது, மணிக்கட்டுக்கு மேலே எலும்பு வீங்கியிருப்பது, ஒரு கால் மட்டும் வளைந்துகொண்டே போவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அது வேறு கதை. எக்ஸ்ரே எடுத்தால்தான் எலும்பு மெலிந்திருக்கிறதா, வளர்ச்சித்தட்டு (எலும்பு நீளும் நுனிப்பகுதி) எப்படி இருக்கிறது என்பது தெரியும். கால்சியம் வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சே அதற்கப்புறம்தான். வலது கால் அதிகம் என்கிறீர்கள், அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

குடற்புழு மருந்து கொடுத்தீர்களா? வயிறு மட்டும் பானை மாதிரி இருந்து விலா எலும்பு துருத்தினால் எந்தத் தீனியும் புழுவுக்குத்தான் போகும். 12 வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அப்புறம் ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை. பார்வோ (குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ்) தடுப்பூசி முடியும்வரை தெருவில் இறக்காதீர்கள். வாந்தியும் பேதியும் சேர்ந்து வந்தால் 'தீனி மாற்றியதால் இருக்கும்' என்று ஒருநாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

தண்டால்_தாமு | 2.10

டாக்டர், அப்போ முட்டை ஓட்டைப் பொடி பண்ணிப் போட்டால்? அது நேச்சுரல்தானே.

மாட்டுடாக்டர் | 2.14

அதுவும் கால்சியம் கார்பனேட்தான் தம்பி. ஒரு தேக்கரண்டிப் பொடியில் 2 கிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கும். நேச்சுரலாகவே அளவு மீறலாம்.

வைகைக்கரை | திங்கள், இரவு 8.20

போய் வந்தாச்சு. எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பின் அடர்த்தி பரவாயில்லை, முறிவு இல்லை, மணிக்கட்டுத் தளர்ச்சிதான் என்றார். டானிக்கை நிறுத்தச் சொல்லிவிட்டார். கட்டு எதுவும் போடவில்லை. குட்டிகளுக்கான முழுத்தீனி ஏதாவது ஒன்றை மட்டும் போடுங்கள், 15 நாளில் கொண்டு வாருங்கள் என்றார். எந்தக் கம்பெனி என்று கேட்டால் "லேபிளைப் பார்த்து வாங்குங்கள்" என்கிறார். கடைக்குப் போனேன், அலமாரி முழுக்கக் கண்ணாடி மாதிரி பாக்கெட், எல்லாவற்றிலும் ஒரு கொழுகொழு நாய் சிரிக்கிறது. லேபிளில் எதைப் பார்ப்பது?

பிஸ்கட்_வேண்டாம் | 9.05

முன்பக்கத்தை மறந்துவிடுங்கள், நாய் படத்துக்கும் உள்ளே இருப்பதற்கும் சம்பந்தம் இல்லை. பின்னால் திருப்பி, 'வளரும் குட்டிக்கு முழுமையான, சமச்சீர் உணவு' என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். 'துணை உணவு' என்றிருந்தால் அது தின்பண்டம், வைத்துவிடுங்கள். பெரிய இனக் குட்டிக்கு என்று தனியாக வருவதை எடுப்பது நல்லது. ராஜபாளையம் வளர்ந்தால் தோள் உயரம் 65 முதல் 75 செ.மீ., கால் நீண்டு மளமளவென்று உயரும் இனம். பெரிய இனத் தீனியில் கால்சியத்துக்கு உச்சவரம்பு உண்டு, அமெரிக்க அளவுகோலில் ஈரம் நீக்கிய தீனியில் 1.8 சதவீதம். மற்ற குட்டித் தீனிக்கு 2.5 வரை அனுமதி. அந்த வித்தியாசத்துக்காகத்தான் வாங்குகிறோம். கால்சியம் குறைந்தபட்சம் 1.2. புரோட்டீன் 22.5-க்குக் குறையக் கூடாது, கொழுப்பு 8.5-க்குக் குறையக் கூடாது. புரோட்டீன் அதிகமானால் எலும்பு கோணும் என்று சிலர் சொல்வார்கள், அது பழைய பயம். கோளாறு கால்சியத்தாலும் மிதமிஞ்சிய கலோரியாலும்.

லேபிளில் கால்சியம் அளவே போடாத பாக்கெட்டும் இருக்கிறது. கம்பெனி நம்பருக்குப் போன் போட்டுக் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவனிடம் வாங்காதீர்கள்.

'கிரெயின் ஃப்ரீ' (தானியம் சேர்க்காதது) என்று இரண்டு மடங்கு விலை சொன்னால் மயங்க வேண்டாம். அப்படிப்பட்ட சில தீனிகளுக்கும் நாய்களுக்கு வரும் ஒருவகை இதய நோய்க்கும் தொடர்பு இருக்கிறதா என்று அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018-ல் விசாரிக்கத் தொடங்கியது. அது இன்னும் இழுபறிதான். உங்கள் குட்டிக்கு அரிசியும் சோளமும் பகை இல்லை.

மூட்டையிலிருந்து அள்ளித் தருவதை இன்றோடு விடுங்கள். தீனியின் மேல் தெளித்த கொழுப்பு, திறந்து வைத்தால் நம் ஊர் வெக்கைக்குக் காறிப்போகும். ஒரு பிடி எடுத்து மோந்து பாருங்கள், பழைய கடலை எண்ணெய் வாடை வரும். சின்ன பாக்கெட், தேதி பார்த்து, அதே பையோடு மூடி போட்ட டப்பாவுக்குள் வையுங்கள்.

தண்டால்_தாமு | 9.18

அக்கா, பாக்கெட் தீனி பணக்காரன் சமாச்சாரம். வீட்டுச் சாப்பாட்டில் பேலன்ஸ் பண்ண முடியாதா?

பிஸ்கட்_வேண்டாம் | 9.40

முடியும், நாய் உணவுத் துறை படித்த டாக்டர் ஒருவர் உங்கள் குட்டியின் எடைக்குக் கணக்குப் போட்டு, தாது வைட்டமின் கலவையோடு எழுதிக் கொடுத்தால். இல்லாவிட்டால் கஷ்டம். 2013-ல் கலிஃபோர்னியாவில் டேவிஸ் கால்நடைக் கல்லூரிக்காரர்கள் புத்தகங்களிலும் இணையத்திலும் வந்த 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை எடுத்து ஆராய்ந்தார்கள். 95 சதவீதத்தில் ஏதாவது ஒரு முக்கியச் சத்தாவது குறைந்தது, அதில் டாக்டர்கள் எழுதியவையும் இருந்தன. அதுவும் வளர்ந்த நாய்க்கான குறிப்புகள்! கால்சியத்தைச் சரிக்கட்டினால் துத்தநாகம் உதைக்கும், அதைப் பார்த்தால் அயோடின். நானே முதல் நாய்க்கு ஒரு வருடம் சோறு, கறி, கேரட் போட்டு ஏதோ சாதித்த மாதிரி இருந்தேன். முடி ஏன் இப்படிச் சொரசொரப்பாக இருக்கிறது என்று யோசிக்கவே இல்லை.

காசு நியாயமான கேள்விதான். அதற்கு என் வழி, முதல் ஒரு வருடம் முழுத்தீனிக்குச் செலவு செய்வது, அப்புறம் வேண்டுமானால் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்கு மாறுவது. மேரி பிஸ்கட்டையும் பாலையும் நிறுத்தினாலே பாதி மிச்சம். தாய்ப்பாலைவிடப் பசும்பாலில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை கூடுதல், புரோட்டீனும் கொழுப்பும் பாதிக்கும் குறைவு. பால் மறந்த குட்டிக்கு அதைச் செரிக்கும் நொதியும் நாளுக்கு நாள் குறையும். காலையில் மலம் இளகிப் போகிறதா? அதனால்தான் இருக்கும்.

வைகைக்கரை | 9.47

கேட்கவே வேண்டாம் அக்கா, ஆமாம். அளவு எவ்வளவு? எத்தனை வேளை?

பிஸ்கட்_வேண்டாம் | 10.20

850 கலோரி என்று சொன்னேன் இல்லையா, நூறு கிராமுக்கு 380 கலோரி உள்ள தீனி என்றால் நாளுக்கு 225 கிராம் வாக்கில். பாக்கெட்டில் கலோரி போட்டிருப்பார்கள், அதை வைத்துக் கணக்கிடுங்கள். நான்கு வேளையாகப் பிரியுங்கள், மூன்று மாதம் ஆனதும் மூன்று வேளை, ஆறு மாதத்துக்கு மேல் இரண்டு. டம்ளர் கணக்கு வேண்டாம், சமையலறைத் தராசில் நிறுங்கள். பத்து நாளுக்கு ஒருமுறை எடை பார்த்துத் திருத்துங்கள். பழைய சாப்பாட்டிலிருந்து ஒரு வாரம் பத்து நாளில் மெல்ல மாற்றுங்கள், முதல் இரண்டு நாள் கால் பங்கு புதுசு, அப்புறம் பாதி, அப்புறம் முக்கால்.

இளஞ்சூட்டுத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்தால் மிருதுவாகிவிடும். இருபது நிமிடத்தில் தின்னாததை எடுத்துவிடுங்கள், ஊறிய தீனி நம் வெக்கையில் புளிக்கும். கிண்ணத்தை ஒரு தண்ணீர்த் தட்டுக்குள் வையுங்கள், இல்லாவிட்டால் குட்டிக்கு முன்னால் எறும்பு பந்தி உட்காரும்.

அளவு சரியா என்பதை விரல் சொல்லும். கையை முஷ்டி பிடித்து மேலே விரல் மொட்டிகளைத் தடவுங்கள், குட்டியின் விலா அப்படித் தட்டுப்பட்டால் மெலிவு. உள்ளங்கையின் சதைப் பகுதி மாதிரி இருந்தால் கொழுப்பு. விரலை நீட்டிப் புறங்கையைத் தடவினால் எலும்பு மெல்லிய தோலுக்கு அடியில் தெரியும் பாருங்கள், அதுதான் பதம். மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்க வேண்டும். பக்கத்து வீட்டார் "என்ன, நாய் இளைத்த மாதிரி இருக்கு" என்பார்கள். சொல்லட்டும். 2002-ல் வெளியான ஓர் ஆய்வில் 48 லாப்ரடார்களை எட்டு வார வயதிலிருந்து ஜோடி ஜோடியாக வளர்த்தார்கள். ஜோடியில் ஒன்றுக்கு 25 சதவீதம் குறைவாகத் தீனி. குறைவாகத் தின்ற பக்கம் பாதி நாய்கள் 13 வயதைத் தாண்டின, மற்றப் பக்கத்தில் அது 11.2. மூட்டுத் தேய்மானமும் தள்ளியே வந்தது. தாமு தம்பி, கன்னுக்குட்டி சைஸ் என்று சொன்னீர்களே, உங்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தண்டால்_தாமு | 10.26

கோபம் இல்லை அக்கா. நாளைக்கு விலாவைத் தடவிப் பார்க்கிறேன். இப்போது எட்டு மாசம், படி ஏறும்போது பின்கால் இரண்டையும் சேர்த்து முயல் மாதிரி தத்துகிறான். ஸ்டைல் என்று வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன்.

மாட்டுடாக்டர் | 10.41

அந்த வீடியோவை உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். இடுப்பு மூட்டைப் பார்க்க வேண்டும்.

கரிசல்காட்டான் | செவ்வாய், காலை 5.50

சரி தாயி, கூழை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், ஆனால் குட்டிக்கு வேண்டாம் என்று ஒத்துக்கொள்கிறேன். மீந்த சாம்பார் சோறு வைக்கலாமா கூடாதா? ஊரில் எல்லாரும் வைக்கிறார்கள்.

மாட்டுடாக்டர் | 8.10

கூடாது அண்ணாச்சி. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுவைச் சிதைக்கும், வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. புளியும் சந்தேகத்துக்குரியது. திராட்சை தின்று நாய்களின் சிறுநீரகம் பழுதாவது டார்டாரிக் அமிலத்தால் இருக்கலாம் என்று 2021-ல் எழுதினார்கள், அதே அமிலம் புளியில் தாராளமாக இருக்கிறது. பிரியாணி எலும்பு வேண்டவே வேண்டாம், வெந்த எலும்பு ஊசியாக உடையும். கேக், சாக்லேட், உலர் திராட்சை போட்ட பாயாசம், எதுவும் வேண்டாம். ருசிக்கு வேண்டுமானால் உப்புக் காரம் இல்லாமல் வெந்த முட்டை ஒரு துண்டு, நாளின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள்.

வைகைக்கரை | மூன்று வாரம் கழித்து, திங்கள், இரவு 7.30

பதில் போடாமல் இருந்ததற்கு மன்னிக்கவும், ஆபீஸில் மாதக்கடைசி. ஹாலில் வரிசையாகக் கோணிச்சாக்கு விரித்துவிட்டோம், வீடு பார்க்க அரிசி மண்டி மாதிரி இருக்கிறது. முதல் வாரம் ஒரு மாற்றமும் இல்லை, பயந்துபோனேன். பத்தாம் நாள் வாக்கில் இடது கால் நேராக நின்றது. இரண்டாவது முறை டாக்டரிடம் போனபோது வலதும் பாதிக்கு மேல் நிமிர்ந்திருந்தது. இப்போது தடையில்லாமல் நிற்கிறான், வேகமாகத் திரும்பும்போது மட்டும் வலது மணிக்கட்டில் ஒரு சின்ன ஆட்டம். எடை 9 கிலோ. மலம் பேப்பரால் எடுத்தால் தரையில் ஒட்டுவதில்லை (இதில் இவ்வளவு சந்தோஷம் வரும் என்று நினைக்கவே இல்லை). டானிக் பாட்டில் முக்கால்வாசி அப்படியே இருக்கிறது, விற்றவர் போன் போட்டு "என் பேச்சைக் கேட்கவில்லை" என்று கோபித்துக்கொண்டார்.

ஒரே சிக்கல், அம்மா. தராசில் நிறுத்து வைப்பதைப் பார்த்து "நகைக்கடையா நடத்துகிறாய்" என்கிறார்.

பிஸ்கட்_வேண்டாம் | 7.42

அப்பாடா. சாக்கை இன்னும் ஒரு மாதம் எடுக்காதீர்கள். 9 கிலோவுக்கு 290 கிராம் வாக்கில் வரும், நான்கு மாதம் ஆனதும் எடைக்கு ஏற்ற விகிதத்தைக் குறைக்க வேண்டும், அப்போது இங்கே வந்து எடையைச் சொல்லுங்கள், சேர்ந்து கணக்குப் போடலாம். அம்மாவிடம் தராசைக் கொடுத்து நிறுக்கச் சொல்லுங்கள், இரண்டே நாளில் உங்களைவிடக் கறாராகிவிடுவார்.

புதுசா_வந்தேன் | 11.58

வணக்கம். என்னிடம் பக் குட்டி, 3 மாதம், 290 கிராம் போடலாமா?

பிஸ்கட்_வேண்டாம் | செவ்வாய், காலை 6.30

ஐயோ, வேண்டாம்! குட்டியின் எடையைப் போட்டுத் தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.